மார்பை எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா? அறுவைக்கு முன் எடை போட்டுப் பார்த்தவை

சித்திக்கு இடது மார்பில் அரைநெல்லிக்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது ஆடி மாதத்தில். வலி இல்லை. வலி இல்லாததாலேயே யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். ஐப்பசியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று வந்தது. ஸ்கேனில் 2.6 செ.மீ. அக்குளில் நெறி எதுவும் கையில் தட்டுப்படவில்லை.

முதலில் பார்த்த அறுவை மருத்துவர், "58 வயசாச்சு, எதுக்கும்மா ரிஸ்க், மார்பை எடுத்துடலாம்" என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர், "கட்டியை மட்டும் எடுத்தால் போதும், அப்புறம் ரேடியேஷன்" என்றார். இருவரும் படித்தவர்கள், அனுபவசாலிகள். வீட்டில் ஆளுக்கொரு கருத்து இருந்தாலும் கடைசியில் எல்லாரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: "முழுசா எடுத்துட்டா நிம்மதி."

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் மருத்துவர் இல்லை, கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவள். அடுத்த இரண்டு வாரத்தில் படித்ததையும், மருத்துவர்களிடம் துளைத்துத் துளைத்துக் கேட்டதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன். உங்கள் வீட்டுக் கேஸ் வேறாக இருக்கும். உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்காக இதைப் படியுங்கள்.

"முழுசா எடுத்தால் நிம்மதி" எங்கிருந்து வந்தது

இந்த நினைப்பு நம் வீட்டுப் பெரியவர்களின் கற்பனை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு அருகில் மருத்துவமே இதைத்தான் சொல்லிவந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890களில் பரப்பிய அறுவையில் மார்பு, அதன் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், அக்குள் நெறிகள் எல்லாம் மொத்தமாகப் போய்விடும். புற்று ஓரிடத்தில் தோன்றி, அங்கிருந்து ஒழுங்காக வரிசை பிடித்துப் பரவுகிறது, சுற்றிலும் அகலமாக வெட்டினால் வேரோடு பிடுங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. 1970கள் வரைக்கும் பெண்கள் நெஞ்சு குழிவிழுந்து, தோள் சாய்ந்து வீடு திரும்பினார்கள்.

அந்தக் கணக்கு தப்பு என்று காட்டியவர்கள் இரண்டு பேர். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி, 1973க்கும் 1980க்கும் இடையில் 2 செ.மீ.க்கு மிகாத கட்டி உள்ள 701 பெண்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஹால்ஸ்டெட் முறை. மறுபாதிக்கு மார்பின் கால்பங்கை மட்டும் எடுத்து, மீதிக்கு ரேடியேஷன். 20 வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மார்பகப் புற்றால் இறந்தவர்கள் ஒரு பக்கம் 24 சதவீதம், இன்னொரு பக்கம் 26. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976ல் தொடங்கிய ஆய்வில் 1,851 பெண்கள். 4 செ.மீ. வரையிலான கட்டிகள். முழு மார்பையும் எடுத்தவர்கள், கட்டியை மட்டும் எடுத்தவர்கள், கட்டியை எடுத்து ரேடியேஷனும் கொடுத்தவர்கள் என்று மூன்று பிரிவு. 2002ல் வந்த 20 வருடக் கணக்கில், உயிரோடு இருப்பதில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. மார்பே இல்லை என்றால் நோய் எங்கிருந்து திரும்பி வரும்? இரண்டாவது மருத்துவர் விளக்கியது மனதில் தைத்தது. மார்பில் இருக்கும் கட்டி யாரையும் கொல்வதில்லை. நுரையீரலுக்கும் ஈரலுக்கும் எலும்புக்கும் போய் உட்காரும் செல்கள்தான் கொல்லும். அவை போயிருந்தால், கட்டி கண்ணில் படும் முன்பே ரத்தத்தில் போயிருக்கும். மார்பை எவ்வளவு பெரிதாக வெட்டினாலும் அவற்றைத் தொட முடியாது. அதற்குத்தான் கீமோவும், ஹார்மோன் மாத்திரையும், ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகைக்கான ஊசியும். கத்தியின் வேலை, இருக்கும் இடத்தில் திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது.

அந்த வேலையில் இரண்டு முறைகளுக்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. மிலான் ஆய்வில் 20 வருடத்தில், தக்கவைத்த 352 பேரில் 30 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. முழுவதும் எடுத்த 349 பேரில் 8 பேருக்கு நெஞ்சுச் சுவரில் வந்தது. ஆக, மார்பை எடுத்தாலும் பூஜ்யம் இல்லை. தக்கவைத்தால் கொஞ்சம் கூடுதல். அப்படித் திரும்ப வந்தால் அப்போது மார்பை எடுக்கலாம் என்பதால் உயிர்க்கணக்கு சமமாகவே நிற்கிறது. இவை 40, 50 வருடம் முந்தைய நோயாளிகளின் எண்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைய மருந்துகளோடு இரண்டுமே குறைந்திருக்கின்றன.

இன்னொரு கணக்கும் கண்ணில் பட்டது. ஸ்வீடனில் 48,986 பெண்களின் பதிவுகளை வைத்து 2021ல் வந்த ஆய்வு, தக்கவைத்து ரேடியேஷன் எடுத்தவர்கள் மார்பை எடுத்தவர்களைவிடக் கூடுதலாகவே பிழைத்திருக்கிறார்கள் என்றது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, ஏற்கெனவே நடந்ததை எண்ணிப் பார்த்தது. அதனால் "தக்கவைத்தால் ஆயுள் கூடும்" என்று நான் சொல்ல மாட்டேன். குறையாது என்பது மட்டும் உறுதி.

கட்டியை மட்டும் எடுத்தால் கூடவே வருபவை

லம்பெக்டமி என்றால் கட்டியோடு அதைச் சுற்றி நல்ல சதையும் கொஞ்சம் எடுப்பது. எடுத்ததற்கு வெளிப்பக்கம் மை தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மை தொட்ட இடத்தில் புற்றுச் செல் இல்லை என்றால் ஓரம் சுத்தம். பால் குழாய்க்குள்ளேயே அடங்கிய ஆரம்பநிலைப் புற்று என்றால் 2 மி.மீ. இடைவெளி எதிர்பார்க்கிறார்கள். ஓரம் சுத்தமில்லை என்றால் இன்னொரு தடவை தியேட்டர். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளின் கணக்கு ஒன்றில் ஐந்தில் ஒருவருக்கு இப்படி இரண்டாம் அறுவை தேவைப்பட்டது. சில மருத்துவமனைகளில் அறுவை நடக்கும்போதே சதையை உறையவைத்து ஓரம் பார்த்துவிடுகிறார்கள். அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ரேடியேஷன். நம் ஊர்ப்பக்கம் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். அந்தப் பெயரே பாதிப் பயத்துக்குக் காரணம். ஷாக் அடிக்காது, வலிக்காது, எக்ஸ்ரே எடுப்பதுபோல மேசையில் படுத்து எழுந்து வருவதுதான். தோல் கறுக்கும், உரியும், அசதி இருக்கும். ஆனால் இதைத் தவிர்க்க வழி இல்லை. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்காதவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது, கொடுத்தவர்களில் 14. "கட்டியை மட்டும் எடுக்கிறோம், ரேடியேஷன் வேண்டாம்" என்பது பெரும்பாலோருக்கு ஒரு வழியே இல்லை. 65 வயதைத் தாண்டிய, சின்னக் கட்டியுள்ள, அக்குள் சுத்தமாக இருக்கிற, ஹார்மோன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடக்கூடிய சிலருக்கு மட்டும் விட்டுவிடலாம். அவர்களிலும் மார்பில் திரும்ப வருவது கூடுகிறது, ஆயுள் மட்டும் குறைவதில்லை.

முன்பெல்லாம் ஐந்து வாரம், 25 நாள் போக வேண்டும். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு மூன்று வாரம், 15 நாள் என்று குறைந்தது. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில நாட்கள் கொடுப்பதும் உண்டு. 2020ல் வந்த ஆய்வு ஒன்று, தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையோடு முடிக்கலாம் என்று காட்டியது. இடது மார்பு என்றால் இதயம் பக்கத்திலேயே இருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதிர் வாங்கும் முறை அதற்காகத்தான். சித்திக்கு அதைச் சொல்லிக்கொடுத்தபோது, "குளத்துல முங்கி எந்திரிச்ச எனக்கு இதெல்லாம் ஒரு மூச்சா" என்றார்.

இந்த முடிவில் பாதி நோயைப் பற்றியதே இல்லை, பஸ்ஸைப் பற்றியது. அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது. சித்தி இருப்பது மன்னார்குடி. ரேடியேஷன் தஞ்சாவூரில். வாரத்தில் ஐந்து நாள், மூன்று நான்கு வாரம், தினமும் போய்வர முடியுமா? கூட யார் போவது? அங்கே தங்க இடம் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாமல் "மார்பைத் தக்கவைக்கலாம்" என்று முடிவெடுத்து, பாதியில் ரேடியேஷனை நிறுத்தினால் இரண்டு முறைகளில் இருக்கும் கெடுதல் மட்டும் மிஞ்சும். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியாது. காப்பீட்டைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு; அறுவை, கீமோ, ரேடியேஷன் மூன்றும் அதில் வருகின்றன. பஸ் டிக்கெட்டும், கூட வருகிறவரின் கூலி இழப்பும் வராது.

உருவம் எப்படி இருக்கும் என்பது கட்டியின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, மார்பின் அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய மார்பில் 3 செ.மீ. கட்டி போனால் சின்னப் பள்ளம். சின்ன மார்பில் அதே கட்டி போனால் பாதி போன மாதிரி. பக்கத்துச் சதையை நகர்த்தி வடிவம் கொடுத்துத் தைக்கும் முறை இப்போது பல இடங்களில் உண்டு. அதைப் பழகிய மருத்துவரா என்று பார்க்க வேண்டும்.

மார்பை எடுக்கத்தான் வேண்டும் என்றால்

சிலருக்குத் தேர்வே கிடையாது. மம்மோகிராமில் சுண்ணாம்புப் பொட்டுகள் மார்பு முழுக்கச் சிதறிக் கிடந்தால், மார்பே சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்று என்றால், முன்பே அந்த நெஞ்சில் ரேடியேஷன் வாங்கியிருந்தால், இரண்டு மூன்று தடவை வெட்டியும் ஓரம் சுத்தமாகாவிட்டால், மார்பை எடுப்பதுதான் வழி. கர்ப்ப காலத்தில் ரேடியேஷன் கொடுக்க முடியாது என்பதால் அங்கேயும் கணக்கு மாறும். ஸ்க்ளீரோடெர்மா போன்ற தோல் இறுகும் நோய் உள்ளவர்களுக்கு ரேடியேஷன் பெரும்பாலும் ஆகாது.

தேர்வு இருந்தும் மார்பை எடுக்கச் சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மம்மோகிராமுக்கும் வயிறு கலங்கும் என்று தன்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ரேடியேஷன் மையம் எட்டாத தூரத்தில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமான காரணம். ஆனால் "எடுத்துவிட்டால் ரேடியேஷன் வேண்டாம்" என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பவர்கள் ஒன்றைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். கட்டி 5 செ.மீ.க்கு மேல் என்றாலோ, அக்குளில் நான்கு நெறிகளிலோ அதற்கு மேலோ புற்று இருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் ரேடியேஷன் உண்டு. ஒன்று முதல் மூன்று நெறி என்றாலும் இப்போது பலருக்குக் கொடுக்கிறார்கள். மார்பும் போய், ரேடியேஷனும் வந்தால் அந்த ஏமாற்றம் பெரியது.

எடுத்த பிறகு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பிரா, சிலிக்கான் பொய்மார்பு என்று கிடைக்கின்றன. தோலை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து, அதே நேரத்தில் புது மார்பு அமைக்கும் அறுவையும் உண்டு. சிலிக்கான் வைப்பது சீக்கிரம் முடியும். ஆனால் ரேடியேஷன் பட்டால் சுற்றிலும் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம், வருடங்கள் கழித்து மாற்றவும் வேண்டியிருக்கும். முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்து வைப்பது நீண்ட அறுவை, இரண்டு இடத்தில் தழும்பு, ஆனால் காலத்துக்கும் நிற்கும். நம் பக்கத்தில் இதைப் பற்றி நோயாளியிடம் பேசுவதே குறைவு. சித்தியின் முதல் மருத்துவர் பேசவே இல்லை. 58 வயதுப் பெண்ணுக்கு எதற்கு என்று நினைத்திருக்கலாம். சித்தி வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் கேட்டிருக்கலாம்.

யாரும் கேட்காத அக்குள்

நான் என் நோட்டில் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் "எடுப்பது", வலப்பக்கம் "தக்கவைப்பது" என்று எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ரெண்டு கையையும் தூக்கிக் கொண்டை போட முடியுமாடி?"

என் நோட்டில் அதற்கு விடை இல்லை. ஏனென்றால் அது மார்பைப் பற்றிய கேள்வியே இல்லை, அக்குளைப் பற்றியது. மார்பில் என்ன செய்கிறார்கள் என்பதைவிட அக்குளில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அதற்கப்புறம் வரும் இருபது வருட வாழ்க்கையை அதிகம் தொடுகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. குடம் தூக்குவது, ரவிக்கை போடுவது, மாவு பிசைவது, கொடியில் துணி காயப்போடுவது எல்லாம் அந்தக் கையில்தான் இருக்கிறது.

அக்குளில் இருபது முப்பது நெறிகள் இருக்கும். கையிலிருந்து வரும் நிணநீர் அவை வழியாகத்தான் வடியும். எல்லாவற்றையும் வழித்து எடுத்தால், வடிய வழியில்லாமல் கை வீங்கக்கூடும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. உடனே வரும் என்றும் இல்லை, இரண்டு மூன்று வருடம் கழித்தும் வரலாம். வந்தால் முழுதாகப் போவது கடினம்; இறுக்கமான உறை போட்டு, நீவிவிட்டு, காலமெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்கையின் உட்புறம் மரத்துப்போவதும், தோள் இறுகுவதும் தனி.

மாற்று வழி, காவல் நெறிச் சோதனை. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகளை நீலச் சாயமோ, கதிரியக்க மருந்தோ ஊசி போட்டுக் கண்டுபிடித்து, அவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பது. அவை சுத்தம் என்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. கை வீக்கம் இருபதில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒன்றிரண்டு காவல் நெறிகளில் புற்று இருந்தாலுமே, கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் வாங்குகிறவர்களுக்கு மற்ற நெறிகளை விட்டுவைக்கலாம் என்று 891 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. பத்து வருடம் கழித்தும் ஆயுளில் வித்தியாசம் வரவில்லை. இந்தச் சலுகை, மார்பைத் தக்கவைப்பவர்களை வைத்து நிறுவப்பட்டது என்பதைக் கவனியுங்கள். அக்குளுக்காகவே மார்பைத் தக்கவைக்கும் பக்கம் நான் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னமும் பல இடங்களில் மார்பை எடுப்பது என்றாலே அக்குளையும் சேர்த்து வழிப்பதுதான் வழக்கம். "எம்.ஆர்.எம். பண்ணிடலாம்" (மாடிஃபைட் ராடிகல் மாஸ்டெக்டமி) என்று மருத்துவர் சொன்னால் அந்த மூன்றெழுத்துக்குள் அக்குளும் அடக்கம். அக்குளில் நோய் உறுதியாக இருக்கிறது என்றால் அது சரிதான். நெறியே தட்டுப்படாத, ஸ்கேனிலும் தெரியாத ஒருவருக்கு, காவல் நெறிச் சோதனை செய்யும் வசதி உண்டா, இல்லையென்றால் எங்கே உண்டு என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீலச் சாயத்தால் ஒரு சின்ன வேடிக்கை. மறுநாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சித்தி பாத்ரூமிலிருந்து போட்ட சத்தத்தில் வார்டே எழுந்துவிட்டது.

கட்டி பெரிதாக இருந்தால்

கட்டி பெரிது, அதனால் மார்பை எடுக்க வேண்டும் என்று சொன்னால், முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிப் பார்க்கலாமா என்று கேட்கலாம். முற்றிய கட்டிகளுக்கு அறுவைக்கு முன்பே சிகிச்சை கொடுப்பது நமக்குப் புதிதல்ல. முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த வழிதான். ஹெர்2 வகையிலும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் (புற்றுச் செல்லில் இருக்கும், வளரச் சொல்லும் செய்தியை வாங்கும் புரதங்கள்) இல்லாத வகையிலும் நன்றாகச் சுருங்கும். ஹார்மோன் வகையில் அவ்வளவு இல்லை. கீமோ தொடங்கும் முன் கட்டிக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப் வைக்கச் சொல்லிவிடுங்கள். கட்டி முழுக்கக் கரைந்துபோனால், எந்த இடத்தை எடுப்பது என்று அப்புறம் தேட வேண்டியிருக்கும்.

நோய் ஏற்கெனவே எலும்புக்கோ ஈரலுக்கோ போய்விட்டது என்றால் மார்பு அறுவைக்கு அவசரமே இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 பெண்களை வைத்துச் செய்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், அந்த நிலையில் மார்பையும் அக்குளையும் அறுத்து எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. புண்ணாகி ரத்தம் கசிந்தால் வேறு விஷயம்.

இரண்டு மார்பையும்?

2013ல் ஏஞ்சலினா ஜோலி நோய் வரும் முன்பே இரண்டு மார்பையும் எடுத்துக்கொண்ட பிறகு இந்தக் கேள்வி நம் ஊர்வரை வந்துவிட்டது. அவருக்கு பிஆர்சிஏ1 மரபணுக் கோளாறு இருந்தது. அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு மார்பில் நோய் வந்தபின் 20 வருடத்தில் மறு மார்பிலும் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். அவர்களுக்கு அந்த யோசனை நியாயம். மரபணுக் கோளாறு இல்லாதவர்களுக்கு வருடத்துக்கு அரை சதவீதமோ அதற்கும் கீழோதான். நல்ல மார்பையும் எடுத்தால் ஆயுள் கூடுவதாகக் காட்ட முடியவில்லை. 40 வயதுக்குள் நோய் வந்தவர்கள், அம்மா, சித்தி, அக்கா என்று வீட்டில் பலருக்கு இருந்தவர்கள், கத்திக்கு முன் மரபணுச் சோதனை எடுத்துவிடுவது நல்லது. முடிவே மாறலாம்.

அவசரம் பற்றி

வெயிட்டிங் ஹாலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஊரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சீழ்க்கட்டி மாதிரி நினைத்து அறுத்து, எடுத்த சதையைச் சோதனைக்கே அனுப்பவில்லை. ஐந்து மாதம் கழித்து அதே இடத்தில் வந்து நின்றது. கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது, ஏற்பி என்ன, ஓரம் எப்படி, எதுவும் யாருக்கும் தெரியாது. ஊசியால் சதை எடுத்துப் பார்க்காமல் எந்த மார்புக் கட்டியிலும் கத்தி வைக்க விடாதீர்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்பது வெறும் பேச்சு.

புற்று என்று தெரிந்தபின் இரண்டு மூன்று வாரம் யோசிக்கலாம், இன்னொரு மருத்துவரையும் பார்க்கலாம். ஆனால் இழுத்தடிக்கக் கூடாது. பல புற்றுநோய்களின் கணக்கைத் தொகுத்து 2020ல் வந்த ஆய்வில், அறுவை நான்கு வாரம் தள்ளிப்போவதற்கு இறப்பு ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது.

மருத்துவரிடம் கேட்க இன்னொன்றும் உண்டு. டாடா மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் இந்திய மையங்களில் 1,583 பெண்களை வைத்து நடந்து 2023ல் வெளியான ஆய்வில், கத்தி வைப்பதற்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசியைப் போட்டார்கள். பல் பிடுங்கும்போது போடுவார்களே, அந்த லிக்னோகைன்தான். ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் போட்டவர்களில் 90 சதவீதம், போடாதவர்களில் 86. எல்லா இடத்திலும் இன்னும் வழக்கமாகவில்லை. ஆனால் செலவு சொற்பம், கேட்பதில் நஷ்டம் இல்லை.

சித்தி எடுத்த முடிவு

தக்கவைப்பது என்று முடிவானது. கார்த்திகையில் அறுவை. காவல் நெறி இரண்டும் சுத்தம். பக்கத்துக் கட்டிலில் மார்பையும் அக்குளையும் எடுத்த ஒரு அம்மா, ரத்தநீர் வடியும் டியூபின் பாட்டிலை மஞ்சப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். சித்தி இரண்டாம் நாளே கையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் என் நோட்டைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஒரு ஓரத்தில் மை தொட்டிருக்கிறது. மறுபடி தியேட்டர். "முழுசா எடுத்திருந்தா ஒரே தடவையில முடிஞ்சிருக்கும்ல" என்று சித்தி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அது உண்மைதானே. மார்கழியில் இரண்டாவது முறை எடுத்ததில் ஓரம் சுத்தமாக வந்தது. தை, மாசியில் தஞ்சாவூரில் பெரியப்பா மகன் வீட்டில் தங்கி ரேடியேஷன், 15 நாளும் கூடுதலாக நாலு நாளும். கதிர் பட்ட இடம் கருவேலம்பட்டை மாதிரி கறுத்து, ஒன்றரை மாதத்தில் வெளுத்தது. பள்ளம் தெரிகிறது. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கொண்டை போடுகிறார்.

போன மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து 44 வயதுப் பெண் ஒருவர் சித்தியைத் தேடி வந்தார். அதே நோய். ஆனால் சுண்ணாம்புப் பொட்டுகள் மார்பு முழுக்க. எடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் நோட்டை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்: "மார்பை எடுக்கட்டும்மா, அது சரி. அக்குள்ல என்ன பண்ணப் போறாங்கன்னு கேட்டியா?"